தக்காளிச் செடிக்குப் பல் விளக்கிய கதை

அன்பு மகள் ஒர்னெல்லாவுக்கு,

நானும் அம்மாவும் கோழிகளும் சௌக்கியம். டப்ளின் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கவலை. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

தக்காளி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய், சொல்கிறேன், சிரிக்காதே. இந்த வருஷம் செடி வேலிக்கு மேலே போய்விட்டது, காய் மட்டும் ஒன்றுகூட இல்லை, பூக்கும், நாலாம் நாள் உதிரும். கோழி எருவை அள்ளி அள்ளிப் போட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். அது போதாதென்று பழ ஈக்குப் பயந்து, பூக்கும் முன்பே எறும்புகூட நுழையாதபடி வலை கட்டினேன். போன வருஷம், சொந்தமெல்லாம் கூடி வருஷத்துக்கான சாஸ் காய்ச்சிப் பாட்டிலில் அடைக்கும் நாளுக்குக் கடைத் தக்காளி வாங்கியதில் அம்மாவுக்கு மானமே போயிற்று இல்லையா, அதனால் கெடு வைத்துவிட்டாள். "இந்த மாசம் ரெண்டாம் சனிக்கிழமைக்குள்ள ஒரு காயாவது கண்ணுல காட்டுய்யா, இல்லேன்னா அந்தப் பாத்தி மேல கான்கிரீட் போட்டுத் துணி காயப்போடுவேன்" என்றாள். உன் மாமா பாஸ்குவாலேவுக்கு அதுதானே தொழில், கேட்கவா வேண்டும், "வண்டி ரெடி மாப்ளே" என்று பல்லைக் காட்டினான்.

நாற்றுக் கடைப் பெண்ணிடம் போய்ப் புலம்பினேன். "வலைக்குள்ள காத்தும் வராது, தேனீயும் வராது, பூவை யாராவது உலுக்கினாத்தானே பெரியவரே காய் புடிக்கும்" என்றாள். வலையைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் நீ அம்மாவுக்கு அனுப்பிய, பொத்தானை அமுக்கினால் உறுமுகிற பல் பிரஷ் கண்ணில் பட்டது. தினமும் காலை பத்து மணிக்கு வலைக்குள் தவழ்ந்து போய் ஒவ்வொரு பூக்காம்பிலும் அதை வைத்து எடுத்தேன். பக்கத்து வீட்டு ஸ்டவ்ருலா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "டொனாட்டோவுக்குக் கழண்டு போச்சு, செடிக்குப் பல்லு வெளக்கி விடுறாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அம்மா அன்றைக்கு வாயைக் கொப்பளித்தாள் பார், அரை மணி நேரம்!

சனிக்கிழமை ஏழு மணிக்கே கான்கிரீட் வண்டி வந்துவிட்டது. மறைப்பானேன், எனக்கு அழுகை வந்தது, கோழிக்கூண்டுக்குள் போய் நின்றுகொண்டேன். வலையை அறுக்கக் கத்தரிக்கோலோடு போன அம்மா வீல் என்று கத்தினாள். ஓடிப் பார்த்தால் அடிக்கிளையில் பட்டாணி அளவில் நாலு காய்! அம்மா கான்கிரீட் வேண்டாம் என்றதும் மாமா, "இந்த நாலு காய்க்கா வண்டியைத் திருப்பச் சொல்றே" என்று எகிறினான். உன் அம்மா வண்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். "அந்த ஆளைத் திட்ட எனக்கு மட்டும்தான் உரிமை. அவரு செடியைத் தொட்டே, அண்ணன்னுகூடப் பாக்க மாட்டேன்" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் எனக்காக அண்ணனை எதிர்த்தது இதுதான் முதல் தடவை, எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது.

தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு வெளியே போகாதே, சூடாகச் சாப்பிடு. பிப்ரவரியில் இங்கே நல்ல கோடை, சாஸ் நாளுக்குக் கட்டாயம் வந்துவிடு, பாட்டிலெல்லாம் கழுவியாயிற்று. கடவுள் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். மாமாவுக்கும் இரண்டு வரி எழுது, பாவம். கலந்த கான்கிரீட் இறுகிவிடும் இல்லையா, வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான், துணி காயப்போட இடம் பிடிக்க இதுதான் சமயமென்று உன் அத்தை, காய்த்துக் குலுங்கிய அவன் தக்காளிப் பாத்தியைக் காட்டி அதில் கொட்ட வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா டொனாட்டோ