மேலே மட்டும் செம்பு

2 பிப்ரவரி 2025, ஞாயிறு
பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை செம்மல். சாரம் பகுதியில் கம்ப்யூட்டர் சாமான் கடை. நான் நெட்வொர்க் கேபிள் இழுக்கிறேன் என்றால் எல்லாரும் "கரண்டு வேலையாம்மா?" என்பார்கள். இவர், "கேட் ஃபைவ் ஈ, கேட் சிக்ஸ், என்னங்க வித்தியாசம்? சொல்லுங்க பார்ப்போம்" என்றார். கேசரித் தட்டோடு நின்றே சொன்னேன்: "சிக்ஸ்ல கம்பி முறுக்கு நெருக்கமா இருக்கும், வேகமும் கூட. நூறு மீட்டர் தாண்டினா ரெண்டும் ஆகாது. கண்ணாடி இழை ஃபைபர்தான்." சிரித்தார். சிரிப்பு நன்றாகத்தான் இருக்கிறது!

4 பிப்ரவரி
பிடிச்சிருக்கு. அப்பாவிடம் சொல்லவில்லை. ரெண்டு நாள் தவிக்கட்டும்.

7 பிப்ரவரி
கோரிமேட்டு லாட்ஜ் — நான் தனியாக எடுத்த முதல் வேலை. பன்னிரண்டு கேமரா. அவற்றுக்குக் கரண்டும் நெட் கேபிளிலேயே போகிறது. பகலெல்லாம் சமர்த்து. இருட்டி, கேமராவுக்குள் இருக்கும் விளக்கு எரிந்ததும் கடைக்கோடி நாலும் அணைந்துவிடுகின்றன. மேனேஜர் பாக்கியலட்சுமி அக்கா, "என்ன சிந்து, இதுங்க எனக்கு முன்னாடி தூங்குதுங்க?" என்றார். மானம் போகிறது.

8 பிப்ரவரி
கம்பியை பிளேடால் சுரண்டினேன். உள்ளே வெள்ளை! அலுமினியம். மேலே மட்டும் செம்புப் பூச்சு. அவ்வளவு தூரத்துக்கு, விளக்கும் எரிய வேண்டிய கரண்டு இதில் எங்கே போய்ச் சேரும்? பெட்டியிலோ ‘சுத்தச் செம்பு’ என்று கொட்டை எழுத்து. வாங்கி வந்தவர் என்னோடு வேலை செய்யும் அய்மான் அண்ணன். "நம்ம மாப்பிள்ளை கடையிலதாம்மா. கூச்சமா இருந்துச்சு, உன் பேர சொல்லல."
அவரையும் யாராவது ஏமாற்றியிருக்கலாம். இருக்கலாம்தானே?

9 பிப்ரவரி
செம்மலுக்குப் போன் பண்ணேன். "ஐயோ, அது உங்க வேலைக்கா? தெரிஞ்சிருந்தா நல்லதையே குடுத்திருப்பேனே!"
அப்ப தெரிஞ்சேதான் விக்கறியா? மத்தவங்கன்னா பரவால்லையா? — கேக்க வாய் வரல. வெச்சுட்டேன். அழுகை வேற. ச்சீ.

10 பிப்ரவரி
வேண்டாம் என்றேன். "ஒரு ஒயருக்காகவா நல்ல இடத்த வுடுற?" என்றார் அப்பா. செம்மல் போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். தரகருக்கு அப்பாவே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

12 பிப்ரவரி
நல்ல செம்புக் கேபிள் வாங்கி முழுதும் மாற்றி இழுத்தோம். தோள்பட்டை கழன்றுவிட்டது. இருட்டிய பிறகும் பன்னிரண்டும் விழித்திருக்கின்றன.
செம்மலிடமிருந்து மெசேஜ்: "கோவமா? உங்களுக்குன்னு ஒரிஜினல் ஒரு பெட்டி தனியா எடுத்து வெச்சிருக்கேன்."
"வாங்கிட்டுப் போன எல்லாருக்கும் எடுத்து வைங்க" என்று அனுப்பினேன்.
பார்த்துவிட்டார்.