ஷவலில் பொரித்த முட்டை

என்னை விட்டுப் போனவனுக்கு,

எங்கள் ஊர் பழைய ரயில் திருவிழாவுக்கு யார்க்ஷயரிலிருந்து நீ ஓட்டும் நீராவி எஞ்சின் வந்துவிட்டது. நீ வரவில்லை. நல்லதுதான்.

காலையில் நாங்கள் தன்னார்வலர்கள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தோம். எஞ்சினோடு வந்த, அதற்குக் கரி போடும் டெரெக், கரி அள்ளும் ஷவலைக் கழுவி, நெருப்பில் நீட்டி முட்டை பொரித்தான். எனக்குத் தந்ததில் மஞ்சள் கரு உடைந்திருந்தது. உடைக்காவிட்டால் நான் தொடமாட்டேன். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

"யாருப்பா உடைக்கச் சொன்னது?"

"எங்க டிரைவர் பழக்கம். தினம் ரெண்டு போடுவாரு, ஒண்ணை உடைச்சு விட்டுடுவாரு. அவரைப் பாத்து எனக்கும் தொத்திக்கிச்சு."

அந்த டிரைவர் நீதான். சிரிப்பதா, சண்டைக்கு வருவதா, புரியவில்லை. துணியை எடுத்து மறுபடி எஞ்சினைத் துடைக்கப் போய்விட்டேன். முட்டை ஆறிப்போய் எதிரே கிடக்கிறது.

உடைத்ததை அங்கே யார் சாப்பிடுகிறார்கள்?

எண்ணெய்க் கையோடு,
இன்னும் உன் மனைவி