பக்கத்து இருக்கைக்காரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. எல்லோரும் என்றால் நானும் அப்பாவும்தான். அதில் பாதிக்கு மேல் பொய்யாகிவிடும். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாக இருந்தால் போதும். குட்டிக்குப் பல் விழுந்த போட்டோ வந்தது. ஓட்டைப் பல்லோடு அவள் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். அப்பா அதை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கா" என்று என்னிடம் கொடுத்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, அப்பாவும் கூடத்தில்தான் இருக்கிறார். கண் மங்க மங்கக் காது கூர்மையாகிவிட்டது. அடுப்படியில் நான் முணுமுணுப்பதற்குக்கூட அங்கிருந்து பதில் வருகிறது. எழுதினால் அவரால் படிக்க முடியாது. இந்த வசதி எனக்குக் கிடைத்திருப்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

டாக்டர் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கண் போனது போனதுதான். மற்றதில் நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது, குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது போல. சொட்டு மருந்து விட்டால் அது சீக்கிரம் அடைபடாமல் இருக்கும், அவ்வளவுதான் என்றார். ஆபரேஷனுக்கு இனி இடமில்லையாம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். வெளியே வந்ததும், "டீ குடிக்கலாமா?" என்றார். குடித்தோம்.

இனி கார் விஷயம். நம் காரை வாங்க மாப்பிள்ளை ஆள் பிடித்துவிட்டார், அந்த ஆள் மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொண்டு போவார் என்று போன வாரம் சொன்னாய். உடனே மாப்பிள்ளையை மனசுக்குள் கண்டபடி திட்டிவிட்டேன். (இந்த இடத்தை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டாதே.) அப்புறம்தான் நீ, "அப்பாதான்மா விக்கச் சொன்னாரு, உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு" என்றாய். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் நான் வெறுமனே 'ம்' கொட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

நான் கார் ஓட்டப் பழகுகிறேன் என்றபோது, "இந்த வயசுலயாம்மா?" என்று சிரித்தாய். நீ சிரிக்க வேண்டும் என்றுதான் நானும் சொன்னேன். லைசென்ஸ் சோதனையில் மூன்று முறை தோற்றதை மட்டும் சொல்லவில்லை. மூன்று முறையும் ஒரே தப்பு. வண்டி நான் உட்கார்ந்திருக்கிற பக்கமாகவே ஒதுங்கி ஒதுங்கிப் போய்க் கோட்டில் ஏறிவிடுகிறது. கடைசி முறை அந்த அதிகாரி, "அம்மா, அந்தப் பக்கம் ரோடே காலியா கெடக்கு, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு ஓட்டக் கற்றுத்தருகிற ஆளை, அவரிடம் பழகுகிற நாங்கள் எல்லாம் பிரேக் வாத்தியார் என்போம், தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். அவருக்கும் காரணம் பிடிபடவில்லை. வயசு என்று சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

காரணம் எனக்குப் பிற்பாடுதான் பிடிபட்டது. நம் வீட்டுக் காரைக் கொட்டகைக்குள் விடும்போது தூணில் உரசிவிட்டேன். என் பக்கத்துக் கதவு நெடுகக் கோடு. அழுகையும் ஆத்திரமுமாக இறங்கி, மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எல்லாம் சரியாகத் தெரிந்தது. தூண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, காரும் நேராக நின்றது. ரொட்டிக் கம்பெனி வேனில் நானும் அப்பாவும் போன காலம் முழுக்க நான் அங்கேதானே உட்கார்ந்திருந்தேன். அவர் ஓட்டுவார், நான் கடை கடையாகத் தட்டு இறக்குவேன். சந்துகளில் நுழையும்போது அவருக்குத் தெரியாத பக்கத்தைப் பார்த்துச் சொல்வதும் என் வேலை. "என் பக்கம் போகலாம்" என்று சொன்னால்தான் வண்டியை நகர்த்துவார். அந்தப் பக்கம் உரசாமல் காப்பாற்றியே பழகிய கண் எனக்கு. உடம்பு ஓட்டுகிறவர் இடத்துக்கு வந்துவிட்டது, கண் இன்னும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

உரசின சத்தம் அப்பாவுக்கு உள்ளே கேட்டிருக்கிறது. எரிந்து விழுவார் என்று பயந்தேன். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள்தான் மாப்பிள்ளைக்குப் போன் செய்திருக்கிறார்.

விஷயம் தெரிந்த பிறகு நேராகவே கேட்டேன். வண்டியில் கோடு விழுந்ததற்கா இவ்வளவு கோபம் என்றேன். கோபம் இல்லை என்றார். அப்புறம் என்னதான் என்று விடாமல் பிடித்துக்கொண்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்த வீட்ல நான் செஞ்சது அது ஒண்ணுதான். அதுவும் உனக்கு வந்துடுச்சுன்னா, அப்புறம் நான் எதுக்கு?"

சண்டை போட எனக்கு வார்த்தைக்கா பஞ்சம்? உனக்குத் தெரியாததா? ஆனால் அன்று சொட்டு மருந்தை எடுத்துவந்து அவர் கண்ணில் விட்டேன், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, விற்பதற்கு முன்னால் ஒரு தடவை வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கிளம்பினார். மூடிப்போன மில்லின் மைதானம் வரை பிரேக் வாத்தியார் ஓட்டி வந்தார், நாங்கள் இருவரும் பின்சீட்டில். அங்கே காரை எங்களிடம் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். அப்பா பழக்க தோஷத்தில் ஓட்டுகிறவர் கதவுக்கே போனார். கை அந்தக் கோட்டில் பட்டது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இழுத்திருக்க" என்றார். பிறகு காரைப் பிடித்தபடியே சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட்டை எந்தத் தோள் பக்கம் தேடுவதென்று தெரியாமல் துழாவினார். நான்தான் மாட்டிவிட்டேன்.

வண்டி நகர்ந்ததும், முன்னால் என்ன இருக்கிறது, சொல்லு என்றார். சொன்னேன். தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதன் நிழலில் படுத்திருக்கிற நாய், அதைத் தாண்டி இரண்டு கல்தூண், நடுவில் ஒரு லாரி நுழைகிற அளவுக்கு வழி. இன்னும் இன்னும் என்று கேட்டார். அவருக்காக ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். தொட்டி என் பக்கம் எவ்வளவு தள்ளி, தூண் அவர் பக்கம் எவ்வளவு தள்ளி என்று. சொல்லிக்கொண்டே போனதில் இரண்டு தூணுக்கும் சரியாக நடுவில் புகுந்து வெளியே வந்துவிட்டேன்! நம்ப முடியாமல் மறுபடி சுற்றி வந்தேன். மறுபடியும் நடுவில்தான் போனது. பார்க்கிறவள் நான், இருக்கிற இடம் இது என்று கண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. "இப்ப நேரா போகுது" என்றார் அப்பா. டயர் சத்தத்திலேயே தெரிந்திருக்கும். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. எந்தக் காலத்திலும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை, நீ பிறந்ததைத் தவிர. அவர் பக்கம் திரும்பினால், முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க அவருக்கு ஒன்றும் இல்லை.

மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தபோது, ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்: "ஓட்டிப் பாத்துட்டல்ல? ஆசை தீந்துச்சுல்ல? மாசக் கடைசியில அவன் வரட்டும்." திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தாயிற்று என்பது போல அன்பாகச் சொன்னார். என்ன செய்வது?

தீரவில்லை, கண்ணு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

அடுத்த மாதம் நாலாம் முறை சோதனைக்குப் போகிறேன். தேறினாலும் கார் இல்லாவிட்டால் அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இங்கே எல்லோரும், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தானே பழகுகிறாய் என்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போதும். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அந்த நீளச் சாலை போகிறதே, ரொட்டி வேன் பாலத்தோடு திரும்பிவிடும், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கே போக வேண்டும். அந்தக் கொஞ்ச வெளிச்சமும் அடைபடுவதற்குள் அப்பாவை வைத்துக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். நான் சொல்வதைக் கேட்க ஆளில்லாத காலம் வந்தாலும் போக வேண்டும். அப்போது என்னை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொள்ள நீ துடிப்பாய், தெரியும். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஆள் வரமாட்டார். சொல்லச் சொல். அப்பாவுக்கு வருத்தம் வரும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏன் நிறுத்தினாய் என்று அவர் உன்னிடம் கேட்டால், மழுப்பாதே. அவர் நல்லதுக்கு என்றும் சொல்லாதே. அம்மா தனக்காகக் கேட்டாள் என்றே சொல்.

நீ நன்றாக இரு. உனக்கு வயதாகும்போது உனக்கே உனக்கென்று ஓர் ஆசை வரட்டும். அதற்காகப் பெற்ற பெண்ணிடம் இப்படி மறைந்து உட்கார்ந்து எழுதிக் கெஞ்ச வேண்டிய நிலை மட்டும் உனக்கு வராமல் இருக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா