சாமிக்கு நேர்ந்த முடியும் ஒரு ஜெல் டப்பாவும்

மே 4, 2025, ஞாயிறு

இன்று கண்ணால் பார்த்ததை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன். என் நாத்தனார் பூவிழி, வலையில் கட்டுகிற மிதவையைத் தலையில் வைத்துக் கொண்டை போட்டிருக்கிறாள்!

நடுவில் ஓட்டையோடு ரப்பர் வளையம் மாதிரி இருக்குமே, அதேதான். குதிரைவாலை ஓட்டைக்குள் நுழைத்து, முடியைச் சுற்றிலும் பரப்பி, மேலே ஒரு ரப்பர் பேண்ட். பார்க்க என்னவோ மண்டபத்து மணப்பெண் கொண்டை மாதிரிதான் இருந்தது. கிட்டே போனால்தான் இறால் வாசனை.

"இன்னா அண்ணி, பேந்த பேந்த முழிக்கிற? கடைல இதுக்கு டோனட்னு பேர் வெச்சி விக்கிறான். நம்ப ஊட்ல மூட்ட மூட்டயா கீது."

எங்கள் ஊரில் வயல்தான், நெல்தான். தலைக்கு எண்ணெய், சீப்பு, பூ. அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. தை மாதம் பூபதியைக் கட்டிக்கொண்டு இந்த லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்ததிலிருந்து தினம் ஒரு அதிர்ச்சி. என் மாமியார் இன்னும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நெல்லூட்டுப் பொண்ணு'தான். தேவகி என்று ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாதோ என்னவோ.

கொண்டைக்குக் காரணம் இருக்கிறது. 18-ஆம் தேதி எல்லோரும் திருப்பதி போகிறோம். பூவிழி மொட்டை போட்டுக்கொள்ளப் போகிறாள். முழங்காலைத் தொடுகிற முடி! அது போவதற்குள் உலகத்தில் உள்ள எல்லா அலங்காரத்தையும் ஒரு தடவை செய்து போட்டோ எடுத்துவிட வேண்டுமாம். என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"சாமிக்கும் எனக்கும் நடுவுல உனக்கு இன்னா வேல?" என்று சிரித்தாள். மாப்பிள்ளை வேண்டியிருப்பாள். வேறென்ன.

மே 6, செவ்வாய்

அயர்ன் பாக்ஸ். துணி தேய்க்கிற அயர்ன் பாக்ஸ்!

தரையில் புடவையை நாலாய் மடித்துப் போட்டு, பூவிழி ஒருக்களித்துப் படுத்து, முடியை விரித்து, அதன் மேல் ஈரத் துண்டைப் போட்டு — தேய்ப்பது யார்? அத்தை. பெற்ற அம்மா. பீடி பற்ற வைக்கிற மாதிரி சர்வசாதாரணமாக, "அசயாத, காது வெந்துடும்" என்று சொல்லிக்கொண்டே தேய்க்கிறார். நான் கதவோரம் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். என் காதை.

முடி வழவழவென்று கோடு போட்ட மாதிரி விழுந்தது. எனக்குத்தான் மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மே 7, புதன்

இளநீர்க் கடை ஸ்ட்ராவில் முடியைச் சுருட்டித் துணி கிளிப் மாட்டிக்கொண்டு தூங்கினாள். காலையில் அவிழ்த்தால் பஞ்சு மிட்டாய்.

மே 9, வெள்ளி

ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். நேர்ந்துவிட்ட முடி மேல் கத்தரி படக்கூடாது. சீப்பில் சிக்கி உதிர்கிற முடியைக்கூட அத்தை பொறுக்கி ஒரு மஞ்சள் துணியில் முடிந்து வைக்கிறார். எல்லாம் மொத்தமாகச் சாமிக்குப் போக வேண்டும். "ஒன்னு கொறஞ்சாலும் கடன் பாக்கி" என்றார். சொன்னபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

அதனால் அயர்ன் பாக்ஸ் கூடாது, ஸ்ட்ரா கூடாது, இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று களத்தில் இறங்கிவிட்டேன். போனில் பார்த்து, வெண்டைக்காயைக் கொதிக்க வைத்து, அந்தக் கொழகொழத் தண்ணீரை வடிகட்டித் தடவினேன். "கொழம்புக்கு வாங்குன வெண்டக்கா" என்று அத்தை முனகினார். ஆனால் அலசிக் காய்ந்ததும் — ஆகா! பூவிழி கண்ணாடி முன்னாலிருந்து நகரவே இல்லை. "அண்ணி, நீ ஆளு கில்லாடி" என்றாள்.

எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இந்தக் குப்பத்தில் நானும் ஒன்றுக்கு உதவுவேன் என்று முதல் முறையாகத் தோன்றியது.

முடியைக் கட்ட ரப்பர் பேண்ட் வேண்டாம், முடி அறுந்துவிடும் என்று அவள் எனக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தாள். வலை பின்னுகிற நைலான் நரம்பு. கண்ணுக்கே தெரியாது. இறுக்கி முடிச்சுப் போட்டால் புயலடித்தாலும் கலையாது.

தினம் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது.

மே 11, ஞாயிறு

எழுத்து கோணல் கோணலாக வருகிறது. வரட்டும்.

காலையில் பூவிழி, முடி நனைந்த மாதிரியே பளபளவென்று நிற்கிற அலங்காரம் ஒன்றைப் போனில் காட்டினாள். அதற்கு ஜெல் வேண்டும். கடைக்குப் போக வேண்டுமே என்றாள். எனக்கு ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் எஞ்சின் சாமான் வாங்க காசிமேடு கிளம்பும்போது, "ஜெல் டப்பா அலமாரி மேல கீது, வெயில் படாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மனுஷனுக்கு எதற்கு ஜெல் என்று அப்போதே சிரித்தேன். முன் மண்டையில் நாலு முடி, அதற்கு ஜெல் ஒரு கேடா?

எடுத்துப் பார்த்தேன். பழைய ஊறுகாய் டப்பா. மேலே அவர் கையெழுத்தில் 'ஜெல்'. உள்ளே கெட்டியாக, பால் கலந்த கண்ணாடி மாதிரி. வாசனை மூக்கைத் துளைத்தது. விலை உசந்த சாமான் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். நினைத்தேனே! பூவிழிக்கு மூக்கடைப்பு, முகம் முழுக்கக் கடலை மாவு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, மண்டையில் படாமல் முடியில் மட்டும் வாரி வாரித் தடவினேன். வலது காதுக்குப் பின்னால் கொத்தாக எடுத்து நரம்பால் நாலு முடிச்சுப் போட்டேன்.

அத்தை மீன் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாது இது, ஊட்டுக்குள்ள போட் வாசன?"

டப்பாவைப் பார்த்தார். பூவிழி தலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் இன்னும் சீப்பைப் பிடித்துக்கொண்டு இளித்துக்கொண்டிருந்தேன்.

அது தலைக்குப் போடுகிற ஜெல் இல்லை. ஜெல் கோட். பைபர் படகில் ஓட்டை அடைத்துவிட்டு மேலே பூசுகிற பூச்சு. காய்ந்தால் கல். இங்கே எல்லோரும் சுருக்கமாக அதை 'ஜெல்' என்றுதான் சொல்வார்களாம். மூன்று வயசுக் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். எனக்குத் தெரியாதே! எங்க ஊர்ல ஏது படகு!

பூவிழி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜெபசெல்வி அக்கா ஓடி வந்தார். நான் காசிமேட்டில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எப்படியோ சொன்னேன். முழுசும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஆர்டனர் கலந்தியா?"

"அது என்னன்னே தெரியாதுங்க."

"அப்ப பொயச்ச. அது கலக்கலனா கல்லாவாது. தேங்காண்ண ஊத்தி ஊத்தி இஸ்து எடுங்க. தின்னர் கின்னர் கிட்ட கொண்டாராத."

சாயங்காலம் வரை எண்ணெய், சோப்பு, எண்ணெய், சோப்பு. வீட்டிலிருந்த எண்ணெயெல்லாம் காலி. பெரும்பகுதி வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் நான் முடிச்சுப் போட்ட கொத்து மட்டும் வரவில்லை. நரம்பும் முடியும் அந்தப் பிசினும் ஒன்றாகச் சுருண்டு நெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை. இழுக்க இழுக்க இறுகுகிறது.

புயலடித்தாலும் கலையாத முடிச்சு. போட்டவள் நான்.

மே 12, திங்கள்

காலையிலிருந்து அத்தை பூவிழியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு வலை ஊசியால் அந்த உருண்டையைப் பிரித்தார். சிக்கிய நண்டை வலையிலிருந்து எடுப்பது போல, ஒவ்வொரு இழையாக. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

மத்தியானம் ஊசியைக் கீழே வைத்தார். இன்னும் ஒரு விரல் தடிமனுக்கு மிச்சம். கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"போட்டவ நீ. நீயே எடு."

"வேணாம் அத்தை. சாமிக்கு நேர்ந்த முடி..."

"அத்தோட அப்டியே போனா கத்தி எறங்காது. எடு."

வெட்டினேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பூவிழி சத்தம் போடாமல் அழுதாள். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நல்ல மாப்பிள்ளையா கிடைப்பான் பூவு, சாமி கோச்சுக்காது" என்று உளறினேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்த பார்வை!

"மாப்ளயா? அது எம்புள்ள உசுருக்கு நேர்ந்த முடிடி. உம்புருசன் உசுருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சொன்னார். போன ஐப்பசியில் கடல் மோசமாக இருந்தபோது அவர் படகின் எஞ்சின் நின்றுபோய், இரண்டு நாள் கரைக்கு வரவில்லை. "அவுங்க நைனாவத்தான் ஏற்கெனவே கடல்ல குடுத்துட்டேன். இவனும் இல்லனு நா ஒடிஞ்சி வுழுந்துட்டேன். இவதான் கரையாண்ட போயி, எங்கண்ணன குடு, என் தலமுடி மொத்தமும் எத்துக்கனு கத்துனா. மறுநாளு ஆந்திராக்காரன் போட் இஸ்துகினு வந்து வுட்டான்."

"எனக்கு ஏன் அத்தை சொல்லல?"

"அப்ப உங்கூட்ல பேச்சு நடந்துகினு இருந்துச்சி. காதுல வுழுந்தா நெல்லூட்டுக்காரங்க பொண்ணு குடுப்பாங்களா?"

போன ஐப்பசி. ரெண்டு நாளு. எந்த ரெண்டு நாளுன்னு எனக்குத் தெரியும். போன் எடுக்கலை. ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப். நான் அவரு கோபத்துல இருக்காருன்னு நெனச்சேன். 'உன் போட்டையே கட்டிக்கோ'ன்னு மெசேஜ் போட்டேன். அப்புறம் பேசுனப்போ 'போன் தண்ணில வுழுந்துடுச்சி'ன்னாரு. புளுகாதீங்கன்னு ஒரு வாரம் சண்டை போட்டேனே. போன் தண்ணில விழுந்தது நெஜம்தானே! போன் மட்டுமா?

நான் அங்கே வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டிருந்தபோது இந்தப் பெண் கரையில் நின்று தலையைக் கொடுத்திருக்கிறாள். அதைத்தான் நான் படகுப் பூச்சு பூசி, முடிச்சுப் போட்டு, வெட்டியிருக்கிறேன்.

மே 13, செவ்வாய்

அவர் வந்துவிட்டார். தங்கையின் தலையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "படகுக்குப் பூசுனதுல மிச்சம் கீது, உனக்கும் ஒரு கோட்டிங் குடுக்கவா?" என்று என்னைக் கேலி வேறு. பூவிழிகூடச் சிரித்துவிட்டாள்.

எனக்கு ஐப்பசி விஷயம் தெரியும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். தெரியாது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். இருக்கட்டும்.

மே 15, வியாழன்

அத்தை அந்த வெட்டிய கொத்தையும் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். நேற்று ராத்திரி, எனக்குக் கேட்காது என்று நினைத்து, ஜெபசெல்வி அக்காவிடம், "கத்தரி பட்டுச்சே, கொறயாப் பூடுமோனு பயமாக்கீது. புள்ள தெனம் கடலுக்குப் போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் இன்று விடிகாலை அவர் படகைத் தள்ளிக்கொண்டு போனபோது, கரையில் நின்று அது புள்ளியாகிற வரை பார்த்தேன். முன்பெல்லாம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவேன்.

மே 18, ஞாயிறு. திருப்பதி.

அவர் வரவில்லை. மீன் பட்டிருக்கிறது, நீங்க போய்ட்டு வாங்க என்றுவிட்டார். பூவிழி, அத்தை, நான்.

நான் மூணு கத்தரி மட்டும் கொடுப்பதாக இருந்தேன். பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான் கொடுக்கிறார்கள், நுனியில் கொஞ்சம்.

பூவிழி உட்கார்ந்தாள். கத்தி இறங்க இறங்க முடி மடியிலும் தரையிலும் விழுந்துகொண்டே இருந்தது. காதுக்குப் பின்னால் நான் வெட்டிய இடம் வந்ததும் முடி எடுக்கிற அம்மா கையை நிறுத்தி, "இக்கட ஏமைந்தி?" என்று கேட்டார். அங்கே என்ன ஆச்சு என்கிறார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் குனிவு எனக்குத் தாங்கவில்லை. பூவிழி எழுந்ததும் நான் போய் உட்கார்ந்தேன். "மூணு கத்தரியா?" என்று அந்த அம்மா விரலைக் காட்டிக் கேட்டார். இல்லை, முழுசும் என்று தலையைத் தடவிக் காட்டினேன்.

"அண்ணீ!" என்று பூவிழி கத்தியது மட்டும் கேட்டது. தண்ணீர் தெளித்தார்கள். ஜில்லென்று இருந்தது.

மே 20, செவ்வாய்

சீப்பை எங்கே வைத்தேன் என்று காலையில் தேடினேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது.

பூவிழியின் நைட்டியைத்தான் இன்று மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் வாசலில் நின்றால் பின்னாலிருந்து யார் எவர் என்று தெரியாது. அத்தை மீன் அரிந்துகொண்டே, "தேவகி, வெயிலு மண்டயில எறங்கும், துண்டு போட்டுக்கினு போ" என்றார். துண்டைப் போடாமலே டீ எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

நாங்கள் ஊர் திரும்பும்போது அவர் கடலில் இருந்தார். இன்றுதான் கரை ஏறினார். படகின் நிழலில் உட்கார்ந்து வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தார். என் நிழல் விழுந்ததும் ஓரக்கண்ணால் மொட்டையைப் பார்த்துவிட்டு, வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"இன்னா பூவு, சாமி நல்லா பாத்தியா? உங்க அண்ணி எங்க?"

நான் டீயை நீட்டினேன். வளையலைப் பார்த்தார். அப்புறம்தான் நிமிர்ந்தார். அப்படியே எழுந்து நின்றுவிட்டார். இத்தனை நாள் இந்தக் குப்பத்தில் வாயைப் பிளந்து நின்றவள் நான். இன்று அவர் முறை.

"இன்னாமே இது... எதுக்குமே?"

"போன ஐப்பசில ரெண்டு நாள் நீங்க போன் எடுக்கலையே, அதுக்கு."

டீயைக் குடிக்கவே இல்லை. கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்.