மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்

செப்டம்பர் 4, ப்ளுவா

பக்கத்து வீட்டுக்காரர் தன் வேனில் எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிவந்து பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போனார். எங்கள் ஊர் வாந்தோமிலிருந்து இங்கே வரும்வரை என் கணவன் லியோனெல் வாயைத் திறக்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், இப்போது அடுத்தவர் வண்டியில் மூட்டை மாதிரி உட்கார்ந்து வருகிறான். ஏன் என்று கேட்டால், "ஓய்வுன்னா ஓய்வுதான்" என்கிறான்.

ஓய்வு! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன வசந்தத்தில் ஒரு நாள், சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்திக்கொண்டே, "ஸ்கூலை வித்துட்டேன்" என்றான். எங்கள் ஓட்டுநர் பள்ளி. வண்டிக்குள் அவன், அலுவலக மேசையில் நான் என்று இத்தனை வருஷம் ஓடியது. என் வேலையையும் சேர்த்து விற்றிருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். கேட்பது என்பது அவனுக்கு வராது. வழி தவறினால்கூட நின்று யாரையும் கேட்க மாட்டான்.

லுவார் நதிக்கரையோடு கடல்வரை சைக்கிளில் போவது என்பது அவன் போட்ட திட்டம். எனக்குள் நான் ஒரு கெடு வைத்திருக்கிறேன். வழியில் அன்ஜே வருகிறது. அங்கே அக்கா மரிவோன் எனக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். அதற்குள் இவன் மனம்விட்டுப் பேசினால் கடல்வரை சேர்ந்து போவோம். இல்லாவிட்டால் நான் அன்ஜேயில் இறங்கிக்கொள்வேன். அவ்வளவுதான்.

செப்டம்பர் 5, அம்புவாஸ்

எதிர்க்காற்று. ஆற்றோடு போகிறோம், இறக்கமாகத்தான் இருக்கும் என்று கிளம்புகிறவர்கள் எல்லாரும் கடல்காற்றை மறந்துவிடுகிறார்கள். நானும்தான்.

ஆனால் இந்த அமைதி! ஒரு கார் இல்லை. பாப்லர் மரங்களின் இலைச் சலசலப்பு, சரளைக்கல்லில் டயர் ஓடும் சத்தம், அவ்வளவே. பழைய நாட்களில் லியோனெல் இந்த மாதிரிப் பாதைகளைப் பார்த்துச் சிரிப்பான். கிளப்பில் பந்தயம் ஓட்டினவன் அல்லவா? "இது குழந்தை வண்டி தள்ளுற பாதை" என்பான். இப்போது அவனே தேடிப் பிடித்து, கார் வராத பாதையாகப் பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்டிருக்கிறான். எப்போதும் முன்னால் பாய்கிறவன், இங்கே எனக்குப் பின்னாலேயே வருகிறான். எனக்கு ஒரு மஞ்சள் கோட்டு வேறு மாட்டிவிட்டிருக்கிறான். கண்ணைப் பறிக்கிற மஞ்சள். சாலை போடுகிற ஆள் மாதிரி இருக்கிறேன். கழற்றினால் அவனுக்குக் கோபம் வருகிறது. "பாதுகாப்பு, சபீன், பாதுகாப்பு." யாரிடமிருந்து? வாத்துகளிடமிருந்தா?

செப்டம்பர் 6, தூர்

மழை. உணவகத்தில் உணவுப் பட்டியலைத் திறக்காமலே, "நீ எது சொல்றியோ அதே எனக்கும்" என்றான். என்னைத் தாஜா செய்கிறானா?

செப்டம்பர் 7, ப்ரேயேமோன்

மணல்திட்டில் உட்கார்ந்து ரொட்டியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் பேரிக்காயும் சாப்பிட்டோம். தண்ணீர் வற்றி, ஆறு பல கிளையாகப் பிரிந்து சோம்பலாகப் போகிறது. அவன் கத்தியைத் துடைத்தபடி, "சபீன்" என்றான். நான் நிமிர்ந்து பார்த்தேன். "ஒண்ணுமில்ல, காத்து குறைஞ்சிருக்கு" என்றான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேரிக்காயைக் கடித்துச் சமாளித்தேன்.

மாலையில் எதிரே வந்த ஒரு பெரியவர் தலையசைத்துக் கையைத் தூக்கினார். லியோனெல் கண்டுகொள்ளவே இல்லை. இந்தப் பாதையில் எதிரே வருகிற எவருக்கும் ஒரு வணக்கம் சொல்லாமல் யார் போவார்கள்? "என்னய்யா, வாய்ல பூட்டா?" என்று அவர் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தினார். இவனுக்காக நான் வெட்கப்பட்டேன். மனிதர்களே வேண்டாம் என்று ஆகிவிட்டதா இவனுக்கு? அப்படியானால் நான் மட்டும் எதற்கு?

செப்டம்பர் 8, மோன்சோரோ

எங்கிருந்து ஆரம்பிப்பது.

திங்கள்கிழமை, எந்த ஊரிலும் ரொட்டிக்கடை திறக்கவில்லை. பசி, வெயில். லியோனெல் பையின் வாரை இறுக்க நின்றான். "நீ போய்க்கிட்டே இரு, வந்துடறேன்" என்றான். கொஞ்சதூரம் போய், மஞ்சள் கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். சைக்கிளைக் கரைச்சரிவில் சாய்த்துவிட்டு, இறங்கிப் போய் ஆற்றில் காலை நனைத்துக்கொண்டிருந்தேன். மேலே பாதையில் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு பெண் சைக்கிளில் போனாள். அவள் பின்னாலேயே லியோனெல் போனான். கத்தினேன். என் குரல் காற்றோடு பின்பக்கம் போய்விட்டது.

எவ்வளவு மிதித்தும் பிடிக்க முடியவில்லை. இந்த ஊர் படகுத்துறையில்தான் பார்த்தேன். கல் பெஞ்சில் அவனும் அந்தப் பெண்ணும். என்னைவிட ஒரு தலை உயரம். நரைத்த நீள முடி. என் முடி குட்டை, செம்பட்டைச் சாயம். அவன் தலையைக் குனிந்திருந்தான். அவள் எழுந்து என்னிடம் வந்தாள்.

"நீங்கதானே மதாம் சபீன்? மன்னிச்சுக்கங்க. இவர் என் பின்னாடியே பேசிக்கிட்டு வந்தார். சைக்கிள்ல போன் பேசுற ஆளுன்னு நெனச்சுட்டேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் என்கிட்ட பேசுறார்னு புரிஞ்சுது."

"என்ன பேசினான்?"

"அது உங்களுக்குச் சொன்னது. நான் சொல்லக் கூடாது. ஆனா நீங்க கேக்கணும்." என் கையை அழுத்திவிட்டுப் போய்விட்டாள். பெயர்கூடத் தெரியாது.

இத்தனை மாதம் என்னிடம் அவிழாத வாய், எவளோ ஒருத்தியின் முதுகைப் பார்த்து அவிழ்ந்திருக்கிறது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"சொல்லு. அவகிட்ட சொன்னத அப்படியே என்கிட்ட சொல்லு. என் மூஞ்சப் பாத்துச் சொல்லு."

"மூஞ்சி தெரியலயே, சபீன்" என்றான். "கோட்டுதான் தெரியும்."

இரண்டு வருஷமாகக் கண் போய்க்கொண்டிருக்கிறதாம். நடுவில் யாரோ அழித்துவிட்ட மாதிரி. ஓரங்கள் மட்டும் தெரிகிறதாம். தூர் நகரில் ஒரு டாக்டர் பார்க்கிறாராம். ஊசி போட்டும் நிற்கவில்லையாம். ஒரு நாள் பள்ளி வண்டியில் ஒரு மாணவி திடீரென்று பிரேக் போட்டிருக்கிறாள். எதற்கு என்று இவன் திட்டியிருக்கிறான். வண்டிக்கு முன்னால், ஆட்கள் கடக்கிற வெள்ளைக் கோடுகள்மேல் ஓர் அம்மாள் நின்றிருக்கிறாள். "நான் பாக்கவே இல்ல, சபீன். சொல்லிக்கொடுக்க உக்காந்திருந்தவன் நான். பாத்தது அந்தப் பொண்ணு." அந்த வாரமே பள்ளியை விலை பேசியிருக்கிறான்.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ போகப் போறேன்னு எனக்குத் தெரியும். மரிவோன்கூட போன்ல பேசுறது கேக்கும். காது நல்லாத்தான் இருக்கு. கண்ணப் பத்திச் சொன்னா நீ போகமாட்டே. கண்ணுக்காக நிக்கிற பொண்டாட்டி எனக்கு வேணாம்."

"இன்னிக்கு மட்டும் எதுக்குச் சொன்னே?"

"முதுகப் பாத்தா சொல்ல வருது."

வேணாமாம்! எனக்கு எது வேணும்னு இவனே கேட்டு இவனே பதிலும் சொல்லிக்கிட்டான். பள்ளியை விற்றான், என்னைக் கேட்கவில்லை. குருடாகிறான், சொல்லவில்லை. நான் இருக்கவேண்டுமா போகவேண்டுமா என்பதையும் அவனே தீர்மானித்திருக்கிறான். இரக்கம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் கெட்டவளா?

செப்டம்பர் 9, சோமுர்

கோட்டைப் போட்டுக்கொண்டேன். முன்னால் ஓட்டினேன்.

செப்டம்பர் 11, அன்ஜே

ரயில் நிலையத்தில் சொன்னேன். "இறங்கிக்கிறேன், லியோனெல். உன் கண்ணுக்காக இருக்கவும் மாட்டேன், உன் கண்ணுக்காகப் போகவும் மாட்டேன். இப்ப போறது என்னக் கேக்காம பள்ளிய வித்ததுக்கு." "சரி" என்றான். இரு என்று ஒரு சொல் சொல்லவில்லை. ஊர் திரும்பும் ரயிலில் ரயில்காரர் அவன் கையைப் பிடித்து ஏற்றப் போனார். உதறிவிட்டு, படியைக் காலால் தடவித் தானே ஏறினான். அந்தத் திமிரைப் பார்க்க அவ்வளவு எரிச்சல், அவ்வளவு வலி.

அக்டோபர் 3

மரிவோனின் பூக்கடையில் நிற்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. என் பேச்சை இங்கே கேட்கிறார்கள். "ஏன்டி, செவந்திய அந்த முறை முறைக்கிறே? அது என்ன பண்ணுச்சு?" என்கிறாள் அக்கா.

லியோனெல் கூப்பிடவில்லை. அடுப்பை எப்படிப் பற்றவைக்கிறானோ. இது கவலையா, பாசமா? இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பிரித்தால்தான் திரும்பிப் போகலாம் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

அக்டோபர் 19

கூப்பிடவில்லை. நானும்.

நவம்பர் 9

கதவைத் தட்டியது கீழ்வீட்டு மதாம் பெல்லாஞ்ஜே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு லியோனெல். இன்னொரு கையில் வெள்ளைக் கோல். என் வீட்டுக் கதவென்று நினைத்து அவள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான்.

"உங்க வீட்டு ஆளாமே, எடுத்துக்கங்க" என்றாள். "வாசல்லயே நின்னு என்கிட்ட ஆயிரம் கேள்வி கேட்டுட்டார்."

மரிவோன் கோட்டை மாட்டிக்கொண்டு, பால் வாங்கவேண்டும் என்று கிளம்பிவிட்டாள். பால் நிறைய இருந்தது.

இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறான். தனியாக. எப்படி என்றேன். "கேட்டுக் கேட்டு வந்தேன்" என்றான். எந்த நடைமேடை என்று ஒரு பையனைக் கேட்டானாம், டிராம் எந்தப் பக்கம் என்று ஒரு பாதிரியாரைக் கேட்டானாம், தெருப் பெயரைப் படிக்கச் சொல்லி ஒரு போலீஸ்காரரைக் கேட்டானாம். முதல் ஆளிடம் வாய் திறப்பதற்குள் ஒரு ரயில் போய்விட்டதாம். அதைச் சொல்லும்போது அவன் காது சிவந்திருந்தது.

"வீட்டுக்கு வான்னு கேக்க வரல" என்றான். "பள்ளிய விக்கறதுக்கு முன்னாடி உன்னக் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு. இப்ப ஒண்ணு கேக்குறேன், இல்லன்னு சொன்னா போயிடறேன். கிளப்புல ஒரு ரெட்டைச் சைக்கிள் சும்மா கிடக்குது. முன்னாடி நீ உக்காந்து ஓட்டுறியா? ஞாயித்துக்கிழமை மட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவெல்லாம் இல்லை. அவன் பதிலுக்குக் காத்திருப்பதைக் கொஞ்சநேரம் பார்க்கவேண்டும் போலிருந்தது. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 14, வாந்தோம்

ரெட்டைச் சைக்கிளிலிருந்து இரண்டு தடவை விழுந்தோம். இரண்டுக்கும் காரணம் நான்தானாம். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "வளைவுக்கு முன்னாடி கியர மாத்தணும், வளைவுல இல்ல!" என்கிறான். பள்ளியை விற்றாலும் வாத்தியாரை விற்க முடியாது போலிருக்கிறது. தரையில் கிடந்தபடியே சண்டை போட்டோம். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 25

ஞாயிறுவரை பொறுக்காமல் சனிக்கிழமையே வாந்தோமுக்குப் போய்விட்டேன். செவ்வாய் வரை இருந்தேன். ரயில் வேலைநிறுத்தம் என்று மரிவோனிடம் சொன்னேன். செய்தி பார்க்கிறவள் அவள், நம்பியிருப்பாளா?

ஏப்ரல் 12, வாந்தோம்

அன்ஜே அறையின் சாவியை நேற்றுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இன்று எங்கள் ஊர் ஆற்றங்கரைப் பாதையில் போனோம். அந்த ஆறு லுவார் மாதிரிப் பெரியது இல்லை, தாவிக் குதித்தால் அக்கரை போய்விடலாம் போலிருக்கும். ஆரம்பத்தில் நான் கண்ணில் படுவதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டே ஓட்டுவேன். "மோதுறது மட்டும் சொன்னா போதும்" என்பான். அதனால் இப்போதெல்லாம் குழி, நாய், கிளை, இவ்வளவுதான் சொல்கிறேன். இன்று பாதை நேராக இருந்தது. நான் சும்மா வந்தேன்.

"சபீன்" என்றான். "என்ன பாத்துக்கிட்டு வர்றே?"

"ஒண்ணுமில்ல. அக்கரையில மீன் பிடிக்கிற ஆள் தண்ணியில விழுந்திருப்பான் போல. கால்சட்டையக் கழட்டிப் பிழிஞ்சுக்கிட்டு நிக்கிறான்."

"எப்படிப்பட்ட ஆளு?"

"குண்டு. மீசை. வெக்கமே இல்ல. நமக்குக் கையாட்டுறான்."

பின்னால் சைக்கிள் ஆடியது. திரும்பிப் பார்த்தேன். லியோனெல் வலப்பக்கத்து முள்வேலியைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"இடப்பக்கம்."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கையை மாற்றினான். அதற்குள் மீன்காரனைத் தாண்டி வந்துவிட்டோம். நான் அதைச் சொல்லவில்லை.