நீ எழுதிய மன்னிப்பு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவுக்கு முட்டிவலி தவிர வேறு குறை இல்லை, என் கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்து இப்போது வலது கண்ணில் பார்வை பளிச்சென்று இருக்கிறது, அந்த மட்டில் நாங்கள் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், மாமாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், இதெல்லாம் அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். நான் சொல்ல வந்தது வேறு.

உன் நாவல் வந்தபோது எனக்குக் கண் தெரியவில்லை அல்லவா, அப்பாதான் மத்தியானம் சாப்பிட்டதும் தினம் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டினார். கேள்வித்தாள் காணாமல் போகிற அத்தியாயம் வந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, "இது நம்ம பொண்ணோட படிச்ச சுருட்டை விஷயம் மாதிரி இருக்கே, அப்ப எடுத்தது நம்ம பொண்ணா?" என்று கேட்டார். கதைதானே, கதைன்னா நாலும் இருக்கும் என்று சொல்லி நான் சமாளித்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே வாசித்தார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்ததும் கடைத்தெருவில் மருந்துக் கடைக்குப் பக்கத்திலிருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். சாம்பல் கோட்டுப் போட்ட ஒரு பெண் சீட்டை வாங்கிப் பேரைப் படித்தாள், நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தாள். கனமான வட்டச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், அட்டையில் இருப்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள், நீங்கள் வழக்கமாகப் படிக்கிறது ஏதாவது இருக்கிறதா என்றாள். நான் பெருமையாகப் பையிலிருந்து உன் புத்தகத்தை எடுத்தேன். பின்னட்டையில் உன் போட்டோவைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. அப்போதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது, நம் சுருட்டை. முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள், ஒரு சுருள்கூட இல்லை. எப்படி இருக்கே என்று கேட்டேன், இருக்கேன் அத்தை என்றாள். கண்ணாடி தயாராக எட்டு நாள் ஆகும், அதுவரை இந்தப் புத்தகம் என்னிடம் இருக்கட்டுமா என்றாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன். அந்த எட்டு நாளும் வாசல் மணி அடித்தால் ஜன்னல் வழியே யாரென்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். இன்று எந்தப் பக்கத்தில் இருப்பாளோ என்று யோசித்துக்கொண்டே குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

எட்டாம் நாள் போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. சட்டத்தின் காதுப்பக்கத்தைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டே, முழுதும் படித்துவிட்டேன் என்றாள். "அன்னிக்கு ஹெட்மிஸ்டிரஸ் ரூமுக்கு வெளிய பெஞ்சில என்னைய உக்கார வெச்சிருந்தாங்க அத்தை. கதவு சாத்தியிருந்தது. உள்ள யாரு என்ன சொன்னாங்கன்னு இருபத்திமூணு வருஷமா எனக்குத் தெரியாது. இதுல, பயந்துபோயி அவளே என் பேரைச் சொன்னான்னு எழுதியிருக்கா. அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னும் எழுதியிருக்கா. நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கையிலிருந்த சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன், நீ எனக்காக எழுதி வைத்ததும் அதுதானே. ஆனால் நமக்குத் தெரியும் கண்ணு. முந்தின நாள் சாயங்காலமே யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சமையலறையில் வந்து நின்று எல்லாவற்றையும் நீ என்னிடம் சொல்லிவிட்டாய். அவள் அப்பா அச்சகத்திலிருந்து பிழை திருத்த வீட்டுக்குக் கொண்டுவந்த தாள், அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் நீ நோட்டுக்குள் மடித்து வைத்தது, டீச்சர் பிடித்தது, எல்லாம். நான் உன்னை அடிக்கவும் இல்லை, போய் உண்மையைச் சொல் என்று சொல்லவும் இல்லை. மறுநாள் அந்த அறையில் உன்னை முந்திக்கொண்டு பேசியவள் நான். என் பொண்ணுக்கு எதுவும் தெரியாது, அவ சிநேகிதிதான் கொண்டுவந்து கொடுத்தா என்றேன். அப்படியா என்று உன்னைக் கேட்டார்கள், நீ தரையைப் பார்த்துத் தலையாட்டினாய், அவ்வளவுதான். என் வாக்கியத்தை எடுத்துக் கதையில் வரும் அந்தச் சின்னப் பெண்ணின் வாயில் வைத்திருக்கிறாய், அதற்காக அவளை நானூறு பக்கம் அழ வைத்திருக்கிறாய். அப்பா வாசிக்கக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

"தெரியும். சொன்னதே நான்தான்" என்றேன் சுருட்டையிடம். அவள் வளைத்த சட்டத்தில் வில்லையைப் பொருத்தினாள், துணியால் துடைத்தாள், என் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் உறுத்துதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் பேசினாள். "கடைசி அத்தியாயத்துல இவ வந்து அழுறா, நான் கட்டிப்பிடிச்சு மன்னிச்சிடறேன். எங்கிட்ட யாருமே கேக்கலையே அத்தை" என்றாள். துடைத்த துணியை மடித்து வைத்துக்கொண்டே, "எங்கப்பா இன்னும் நான்தான் எடுத்தேன்னு நெனச்சிட்டிருக்காரு" என்றாள். அந்தத் தாளால் அவருக்கு அச்சகத்தில் வேலை போய்விட்டது, சோப்புக் கம்பெனியில் பெட்டி ஒட்டித்தான் குடும்பத்தை ஓட்டியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அனுப்பிவிட்ட பிறகு இவள் மேலே படிக்கவில்லை, பதினாறு வயதில் வில்லை தேய்க்கும் பட்டறையில் சேர்ந்துவிட்டாள். நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வருகிறேன் என்றேன். அவள் ரசீதை எழுதி என் பக்கம் நகர்த்தினாள்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. ஏறுவதற்குள் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றேன். அவள் அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், என்னைத் தெரிந்துகொண்டு மரியாதையாக எழுந்திருக்கப் பார்த்தார். நான் மெதுவாகச் சொல்லி முடித்தேன். காது மந்தம், சத்தமா சொல்லுங்கம்மா என்றார். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது, யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். உங்க பொண்ணு எடுக்கல, என் பொண்ணு எடுத்தா, நான் பொய் சொன்னேன் என்று கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. பாதிதான் கேட்டது போலிருக்கிறது, இன்னொரு தடவை கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வாசற்படியில் நின்ற மகளைப் பார்த்தார். "நீ அன்னிக்கே சொன்ன" என்றார். "சொன்னேன்ப்பா" என்றாள். "நான் ஏன் நம்பல?" என்று கேட்டார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுமில்லை, நீங்க கிளம்புங்கம்மா என்று மட்டும் சொன்னார். நான் செருப்பு மாட்டும்போது, அவர் கையை நீட்டி அவள் புறங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவள் நின்றபடியே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகத் தட்டை எடுத்துத் தானே போட்டுச் சாப்பிடுகிறார், என்னோடு பேச்சில்லை. அவர் கோபம் நியாயம், நீ போன் செய்து சமாதானம் பண்ணாதே.

நான் உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை தலையாட்டியதற்கு முதல் பொறுப்பு நான். ஆனால் உனக்கு இப்போது முப்பத்தெட்டு. நீ எழுதியதால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்திருப்பாய், எனக்கும் நன்றாகத்தான் இருந்தது, அவளுக்கு அப்படி இல்லை. புத்தகத்தை மறுபடி அச்சடித்தால் அந்த அம்மாவை மாற்றி எழுது, அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எழுது, நான் வருத்தப்பட மாட்டேன். கடைசி அத்தியாயத்தை என்ன செய்வது என்று நீ அவளிடம்தான் கேட்க வேண்டும். கடிதமாக எழுதாதே, நீ நன்றாக எழுதுவாய், அதுதான் எனக்குப் பயம். நேரில் வா.

முதுகு வலிக்க வலிக்க உட்கார்ந்து எழுதாதே, வேளைக்குச் சாப்பிடு. பாப்பாவுக்கு என் முத்தம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசி.

ஒன்றை மறக்காமல் குறித்துக்கொள். அன்றைக்கு நான் படியிறங்கிய பிறகு சுருட்டை பின்னாலேயே கீழே வந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அவ வர்றதா இருந்தா மத்தியானம் ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்குள்ள வரச் சொல்லுங்க, அப்பதான் கடையில கூட்டம் இருக்காது" என்றாள்.

இப்படிக்கு,
உன் அம்மா