மூன்றாவது சரணம்

என் ஆருயிர்ச் சனியனே, சுதன்!

இப்படிக் கூப்பிட்டால் நீ சிரிப்பாய். சிரி. நேற்று உன் அந்தியேட்டி முடிந்தது. நீ செத்த இந்த முப்பத்தொரு நாளாக எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதே பேசிப் பேசி எனக்குக் காது புளித்துவிட்டது. நான் நல்லது பேசப் போவதில்லை. நீயும் என்னிடம் அதை எதிர்பார்க்கமாட்டாய்.

உன் பாட்டுக்கு ஊர் பொருள் கண்டுபிடித்துவிட்டது தெரியுமா? கண்டாவளையில் என் அப்பாவின் நெல்லுக் கொட்டிலுக்குள் நீ கிற்றாரோடு உறும, நான் ட்ரம்ஸ் அடிக்க, நான்கு வருடம் ஹெவி மெற்றல் பாட்டுப் பாடினோம். "பேய் பிடிச்சவன் கத்துறான்" என்றது சனம். உன் உறுமலில் ஒரு சொல்கூட யாருக்கும் விளங்கியதில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பாட்டில் ‘துரோகி’ என்ற ஒரு சொல் மட்டும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கலியாணம் குழம்பிய பெடியன் துரோகி என்று கத்தினால் அது உனக்குப் பேசிய மதுராவைத்தானே? இப்படித்தான் தீர்ப்பு எழுதினார்கள்.

அது யார் என்று நம் இருவருக்கும் தெரியும்.

மதுராவின் மாமா விசாரிக்க வந்த நாளில் நான் வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்தேன். புதுக்குடியிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். பெண் கொடுக்க முதல் மாப்பிள்ளையின் சிநேகிதனிடம் ஒரு சொல் கேட்பது நம் ஆட்களின் வழக்கம். "தம்பி, நீங்கள் அவரோட ஒண்டாத் திரியிற ஆள். பெடியன் எப்பிடி?" என்று கேட்டார்.

நான் மண்ணைப் பார்த்தேன். "நான் ஒண்டும் சொல்லேல்லை ஐயா. வேற ஆக்களிட்டயும் விசாரிச்சுப் பாருங்கோ" என்றேன்.

உன்னைக் குடிகாரன் என்று சொல்லியிருந்தால்கூட அவர் நம்பாமல் போயிருப்பார். உற்ற சிநேகிதன் வாயைத் திறக்கவில்லை என்றால் அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த கிழமை கலியாணப் பேச்சு நின்றது. உன்னில் ஏதோ பிழை என்று வீட்டார் சொன்னதை மதுராவும் நம்பினாள்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவே இல்லை. இப்போது சொல்கிறேன். பொறாமைதான். கலியாணம் முடிந்தால் அவளின் தமையன் உங்கள் இருவரையும் லண்டனுக்கு எடுப்பதாக இருந்தது. நீ போனால் அந்தக் கொட்டிலில் நானும் எலியும்தான் மிச்சம். நீ கெட்டாலும் என் பக்கத்தில் கிடந்து கெடு என்று நினைத்தேன். இதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. மாமாவிடமிருந்து எப்படியோ அறிந்துகொண்டாய். என் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம். நீ பாட்டெழுதினாய். முதல் ஒத்திகையில் மூன்றாவது சரணம் வந்தபோது என் கை ஒரு கணம் நின்றது. நீ திரும்பிப் பார்த்து, "ஏன்டா நிப்பாட்டினனீ? அடி" என்றாய். அடித்தேன். மேடை மேடையாக ஒரு வருடம், என்னைத் திட்டும் பாட்டுக்கு என் கையாலேயே தாளம் போடவைத்தாய். சனம் கைதட்டும்போது நீ என் தோளில் கை போடுவாய். அப்போது உனக்கு எப்படி இருந்தது? இனித்ததா?

பிறகு டெங்கு வந்தது. ஐந்தே நாள். ஆசுப்பத்திரிக்கு நான் வந்தபோது நீ கண்ணை மூடிக்கொண்டாய். நித்திரையா, நடிப்பா?

செத்த வீட்டுக்கு மதுரா வந்தாள். உன் பெரியம்மா வாசலிலேயே மறித்தா. "என்ர பிள்ளையைத் தின்டுபோட்டு இப்ப முகம் பாக்க வந்தனியோ?" என்று கத்தினா. உன்னைத் தின்றது டெங்கு நுளம்பு. ஆனால் அதைச் சொல்லக்கூட அங்கே ஒருவரும் இல்லை. மதுரா என்னைத்தான் பார்த்தாள். நான் பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டுவதுபோல் திரும்பிக்கொண்டேன். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள்.

அடுத்த நாள் உன் அம்மா என்னைக் கூப்பிட்டா. "பிள்ளை, அவன்ர கடைசிப் பாட்டை அந்தியேட்டிக்குக் குடுக்கிற நினைவுமலரில போடப்போறன். அவன் கத்தினது எனக்கு விளங்கேல்லை. நீதானே கூட அடிச்சனீ, சொல்லை எழுதித் தா" என்றா.

எழுதிக் கொடுத்தேன். இரண்டு சரணம். மூன்றாவதை விட்டுவிட்டேன். எந்தத் தாய் அதைத் தேடப்போகிறாள்?

நேற்றுப் பந்தியில் இருந்தபோது நினைவுமலரைக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். விரித்தேன். மூன்று சரணமும் இருந்தன.

*உன் வயலில் வந்து கேட்டார்கள்*
*என்னைத் தெரியுமா என்று.*
*ஒரு சொல்லில் நான் வாழ்ந்திருப்பேன்,*
*துரோகி, நீ மண்ணைப் பார்த்தாய்.*
*அதை அள்ளி என் வாயில் போடு.*

கீழே சின்ன எழுத்தில், ‘சொற்களை எழுதித் தந்தவர்: நேசன்’.

நிமிர்ந்தேன். அம்மா சாம்பார் வாளியோடு எனக்கு முன்னால் நின்றா. "அவன்ர பாட்டுக் கொப்பி என்னட்டத்தான் இருக்கு" என்றா. "ஆசுப்பத்திரியில எல்லாம் சொன்னவன். நீ எத்தினை சரணம் எழுதுறாய் எண்டு பாத்தனான்."

அம்மா என் இலையில் சாம்பார் விட்டா.

"சாப்பிடுங்கோ தம்பி. சாப்பிட்டிட்டு, இதில ஒண்டைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையிட்டக் குடுங்கோ. வேற ஆரும் குடுக்கக்கூடாது."

சுதன், அம்மா என்னை ஒருநாளும் ‘ங்கோ’ போட்டுக் கூப்பிட்டதில்லை. நான் சாப்பிட்டேன். எல்லாரும் பார்க்க, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

நாளைக் காலை புதுக்குடியிருப்பு பஸ் ஏறுகிறேன். மதுரா நாயை அவிழ்த்து விடலாம், மாமா செருப்பைத் தூக்கலாம். அவர்களின் வாசல் படலையில் நின்று மூன்றாவது சரணத்தை என் வாயால் வாசிப்பேன். உறுமாமல், ஒவ்வொரு சொல்லாக, அயலட்டைக்கும் விளங்கும்படி வாசிப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நேற்றுவரை உன் அம்மாவுக்குப் பிள்ளையாக இருந்த
நேசன்